அப்பாவின் விரல்களுக்குப் பதிலாகக் குரல்: கொம்பியூட்டரைத் தமிழில் சொல்லி எழுத வைக்கலாமா?

ஒழுங்கை மூலை (வெள்ளவத்தை) — ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட அப்பாவுக்கு 74 வயது. யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில பிறந்தவர். கொழும்பில முப்பது வருசத்துக்கு மேல தமிழ் படிப்பிச்சவர். ஓய்வு எடுத்தாப் பிறகு ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். நல்ல தண்ணிக் கிணறுகள், தண்ணி இறைக்கிற துலா, பூவரசங் கதியால் வேலி, பனங்கிழங்கு ஒடியல், பனம்பழப் பினாட்டு, கொழும்புக்கு வந்து கடை வைச்ச சனங்கள் எண்டு எல்லாம் இருக்கு. பாமினி எழுத்துருவில மளமளவெண்டு தட்டுவார். இரண்டு வருசத்தில 140 பக்கம் வந்திட்டுது.

போன வருசம் முடக்குவாதம் எண்டு டொக்டர் சொன்னார். விரல் மொளியெல்லாம் வீங்கி, காலமையில கையை மடக்கவே ஏலாது. ஒரு பந்தி தட்ட அரை மணித்தியாலம் போகும். இப்ப இரண்டு மாசமா லப்டொப்பை மூடியே வைச்சிருக்கிறார். "எழுதினது காணும் பிள்ளை" எண்டு சொல்லுறார். கொழும்பு அத்தியாயத்தை இன்னும் தொடங்கவே இல்லை. அவருக்கு அது காணாது எண்டு எனக்குத் தெரியும்.

விண்டோஸ் 11, 8 ஜிபி ராம். விண்டோஸ் பட்டனையும் எச்சையும் சேர்த்து அமத்தினா மைக் வருகுது. அப்பா தமிழில சொன்னா ஆங்கில எழுத்தில ஏதோ விழுகுது. அவர் கதைக்க அது தமிழில எழுத வேணும். கோப்பைத் திறக்க, சேமிக்க, பக்கத்தை நகர்த்தவும் குரலே காணும் எண்டா இன்னும் நல்லம். இதுக்கு என்ன வழி?

ரிப்பேர் நாநா (புறக்கோட்டை) — ஞாயிறு, இரவு 10:25

அக்கா, மாஸ்டருக்கு ஆண்டவன் சுகத்தைக் குடுக்கட்டும். நான் இருபது வருஷமா கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்றவன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மொதல்ல, யூடியூப்ல பழைய வீடியோ பார்த்துட்டு கோர்ட்டானாங்கிற வொய்ஸ் அசிஸ்டன்ட்டைத் தேட வேணாம். 2015ல விண்டோஸ் 10ஓட வந்தது, 2023ல நிப்பாட்டிட்டாங்க.

வொய்ஸ் அசிஸ்டன்ட்னு நாம ஒரே பேரைச் சொல்றோம். ஆனா உள்ளுக்கு ஏவுறது, எழுதுறது, வாசிச்சுக் காட்டுறதுன்னு மூணு வேலை ஈக்கி. மூணுக்கும் வேற வேற ஆளை வைக்கணும். ஒரே ஆள்ட்ட எல்லாத்தையும் கேட்கப் போய்த்தான் நிறையப் பேர் கைவிட்டுர்றாங்க.

ஏவுறதுக்கு வொய்ஸ் அக்சஸ். விண்டோஸ் 11ல 22எச்2 பதிப்புலேர்ந்து ஈக்கி. செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டி, அதுக்குள்ள ஸ்பீச், அங்க போட்டு விடுங்க. இதுக்குத் தமிழ் தெரியாது. மாஸ்டர் இங்கிலீஷ்லதான் ஏவணும். மொழி கேக்குற இடத்துல இங்கிலீஷ் (இந்தியா)வைத் தெரிவு செய்யுங்க, நம்ம உச்சரிப்புக்கு அதுதான் கிட்ட. மொழிக்கோப்பை ஒருதரம் இறக்கிட்டா பொறகு இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். நிறைய வசனம் பாடமாக்கத் தேவையில்ல. "ஓப்பன்"னு சொல்லி அப்ளிகேஷன் பேரைச் சொன்னா திறக்கும். "ஸ்க்ரோல் டவுன்"னு சொன்னா பக்கம் கீழ போகும். "ஷோ நம்பர்ஸ்"னு சொன்னா திரையில அமத்தக்கூடிய எல்லா இடத்துக்கும் ஒரு இலக்கம் விழும், பொறகு "கிளிக் ஏழு"ன்னு அந்த இலக்கத்தை இங்கிலீஷ்ல சொல்லணும். பட்டன்ட பேர் தெரியாட்டியும் பரவால்ல. வயசான ஆக்களுக்கு நான் முதல்ல படிச்சுக் குடுக்குறது இதைத்தான்.

எழுதுறதுக்கு நீங்க அமத்தின அதே பட்டன்தான். அது கீபோர்ட் எந்த மொழியில நிக்கிதோ அந்த மொழியிலதான் கேக்கும். உங்கட மெஷின்ல தமிழே சேர்த்திருக்க மாட்டீங்க. பாமினிங்கிறது எழுத்துருதானே, கீபோர்ட் இங்கிலீஷ்லதான் நிக்கும். செட்டிங்ஸ்ல டைம் அன்ட் லாங்குவேஜ் போய்த் தமிழ் (இந்தியா) சேருங்க. பொறகு விண்டோஸ் பட்டனோட ஸ்பேஸை அமத்தித் தமிழுக்கு மாத்திட்டு, விண்டோஸோட எச்சை அமத்துங்க. இதுக்கு இன்டர்நெட் வேணும்.

இன்னொரு வழி கூகிள் டொக்ஸ். குரோம்ல திறந்து, டூல்ஸ் மெனுவுல வொய்ஸ் டைப்பிங். அங்க தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியான்னு நாலு வரும். ஒண்ணு சரியாக் கேக்காட்டி மத்தது கேக்கலாம், மாத்தி மாத்திப் பாருங்க.

வாசிச்சுக் காட்டுறதுக்கு எட்ஜ் பிரவுசர்ல பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட், யூ மூணையும் அமத்துங்க. குரல் பட்டியல்ல தமிழ் (இலங்கை)ன்னு சரண்யா, குமார்னு ரெண்டு பேர் ஈக்காங்க. நல்ல குரல்.

எதுவுமே கேக்கலன்னா செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள மைக்ரோஃபோன் அனுமதி மூடிக் கிடக்கான்னு பாருங்க. கடைக்கு வாற முறைப்பாட்டுல பாதி அதுதான்.

ஜம்பட்டா வீதி (கொட்டாஞ்சேனை) — ஞாயிறு, இரவு 11:02

ஏன் இவ்வளவு கஷ்டம் அக்கா? ஃபோன்ல ஜிபோர்ட்ங்கிற கீபோர்டைப் போட்டுத் தமிழ்ல பேசினா எழுதும். அதை வட்ஸ்அப்ல தனக்கே அனுப்பிக்கிட்டு கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கலாம். என் மாமா அப்படித்தான் மரண அறிவித்தல்ல இருந்து கவிதை வரை எல்லாம் எழுதுறார்.

ரிப்பேர் நாநா — ஞாயிறு, இரவு 11:10

தம்பி, நாலு வரிக்கு ஃபோன் நல்லம். மாஸ்டர் எழுதுறது புத்தகம். முன்னுக்குப் போகணும், பின்னுக்கு வரணும், 40ஆம் பக்கத்துல சொன்னதை 90ல ஒப்பிட்டுப் பார்க்கணும். அந்தச் சின்னத் திரையில, அந்த விரலோட, எப்படி?

செவிவழி (தெஹிவளை) — திங்கள், காலை 6:15

வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். கணினியோடு பதினைந்து ஆண்டுகளாகக் காதால்தான் வாழ்கிறேன். திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். அவுஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவரும் பார்வையற்றவரே. முற்றிலும் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். புதிதாகக் கேட்பவருக்கு இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொல் சிதையாது. நீண்ட கட்டுரைக்கு நான் விண்டோஸின் வள்ளுவர் குரலுக்கு மாறிவிடுவேன்.

நான் எழுத வந்தது வேறொன்றுக்காக. மாஸ்டரின் 140 பக்கமும் பாமினியில் இருப்பதாகச் சொன்னீர்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் 'அம்மா' என்று எழுதியதை என் திரைவாசிப்பான் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வாசிக்கும். ஈழத்துத் தமிழில் இரண்டு தலைமுறை எழுதிச் சேர்த்ததில் பெரும் பகுதி இப்படித்தான் எனக்கு மூடிக் கிடக்கிறது. பழைய சஞ்சிகைக் கோப்புகளைத் திறந்துவிட்டு எத்தனையோ நாள் அப்படியே மூடியிருக்கிறேன்.

மாஸ்டர் இனிக் குரலால் எழுதுவது யூனிகோடில்தான் வரும், அதாவது கணினியும் தமிழ் என்றே அறியும் எழுத்துமுறையில். பழைய 140 பக்கத்தையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், தங்கச்சி. இல்லாவிட்டால் ஒரே புத்தகத்தில் பாதி ஒரு மொழி, பாதி இன்னொரு மொழி என்று ஆகும். தேடினால் கிடைக்காது, எட்ஜ் வாசிக்காது, பதிப்பாளரிடம் போனால் சிதறும். நானும் வாசிக்க முடியாது.

ஒழுங்கை மூலை — திங்கள், இரவு 8:30

செவிவழி அண்ணா, உங்கட பதிவை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு பிள்ளை பின்வாங்கில இருந்து முப்பது வருசமாக் கேக்காமல் இருந்திருக்கு, நான் கவனிக்கேல்லை" எண்டார். லப்டொப்பைத் திறக்கச் சொன்னதும் அவர்தான்.

ஓன்லைன் மாற்றியில பாமினியைப் போட்டா யூனிகோட் வருகுது. ஒரு விசயம் மற்ற ஆக்களுக்கும் உதவும்: முழுக் கோப்பையும் ஒரேயடியாப் போடாதேங்கோ. இடையில வாற உண்மையான ஆங்கிலச் சொல்லையும் அது பாமினி எண்டு நினைச்சுத் தமிழாக்கிவிடும். அப்பா கப்பல் பெயர்களை ஆங்கிலத்தில எழுதியிருந்தார், எல்லாம் உருக்குலைஞ்சு போச்சு. பந்தி பந்தியா மாத்துறன்.

நாநா, தமிழ் சேர்த்தாச்சு. எழுதுது! ஆனா மூன்று சொல்லுக்கு ஒரு சொல் பிழைக்குது. மேல ஃபான், கீழ காலி வீதி, பின்னால கடற்கரை ரயில். லப்டொப்பில இருக்கிற மைக்கைத்தான் பாவிக்கிறம்.

ஒலிக்கூடம் (பம்பலப்பிட்டி) — திங்கள், இரவு 9:15

பிழை அங்கேதான் இருக்கிறது. நான் ஒலிப்பதிவில் வேலை செய்தவன். மென்பொருளைக் குறை சொல்லும் முன் மைக்கைப் பாருங்கள். லப்டொப் மைக் மூன்றடி தூரத்தில் இருந்து அப்பாவையும் ஃபானையும் ஒரே தராசில் வைத்துக் கேட்கிறது.

யூஎஸ்பி ஹெட்செட் ஒன்று வாங்குங்கள். வாய்ப்பக்கம் நீளும் தண்டு மைக் இருக்க வேண்டும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கம் இரண்டு விரல் அகலம் தள்ளி வையுங்கள். நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் மூச்சுக் காற்று மைக்கில் மோதும். புளூடூத் ஹெட்செட் இந்த வேலைக்கு வேண்டாம். மைக் திறந்தவுடன் பெரும்பாலானவை தொலைபேசி அழைப்புக்கான தரத்துக்கு இறங்கிவிடும், சொல்லின் நுனிகள் தேய்ந்துபோகும். மாஸ்டரின் விரலுக்கு அதைச் சார்ஜ் போடுவதும் ஒரு வேலை.

கணினிக் கடைகள் இருக்கும் யூனிட்டி பிளாசாவுக்குப் போவதாக இருந்தால் லப்டொப்பையும் கொண்டுபோங்கள். அங்கேயே செருகி, தமிழில் ஒரு பந்தி சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தக் கூட்டச் சத்தத்தில் சரியாக எழுதினால் உங்கள் வீட்டில் நிச்சயம் எழுதும். வீட்டுக்கு வந்தபின் சிஸ்டம், சவுண்ட், இன்புட்டில் ஹெட்செட்தான் தெரிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். செருகினாலும் சில வேளை பழைய மைக்கிலேயே நிற்கும்.

ஒழுங்கை மூலை — வியாழன், இரவு 7:50

ஹெட்செட் வாங்கினம். ஃபானை நிப்பாட்டாமலே எழுதுது. ரயில் போகேக்க மட்டும் அப்பா பொறுத்துக்கொள்ளுறார், அது பழக்கம்தானே.

இப்ப வேற பிரச்சினை. கருவி கேக்குறது வடிவாக் கேக்குது, ஆனா எங்கட சொல்லை மாத்திப் போடுது. அப்பா "பேந்து" (பிறகு) எண்டா "பேருந்து" எண்டு எழுதுது. "கெதியா" (விரைவா) எண்டா "கதையா". "துலா" எண்டா "துலாம்". "ஒழுங்கை" (சின்னத் தெரு) எண்டா "ஒழுங்காக". "பினாட்டு" ஒவ்வொரு தரமும் வேற வேற சொல்லா வருகுது. இந்தியாத் தமிழ், இலங்கைத் தமிழ் இரண்டிலயும் பாத்தம். இலங்கை எண்டு போட்டா கொஞ்சம் நல்லம், ஆனா ஊர்ச்சொல் எல்லாம் அதுக்கும் தெரியேல்லை.

அப்பாவுக்குக் கோவம் வந்திட்டுது. "நான் எழுதுறதே இந்தச் சொல்லெல்லாம் அழியக்கூடாது எண்டுதான். இது முதல் வேலையா அதைத்தானே அழிக்குது" எண்டு ஹெட்செட்டைக் கழட்டி வைச்சிட்டார். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அவர் சொன்னது சரி.

ஹட்டன் பிள்ளை (கொட்டாஞ்சேனை) — வியாழன், இரவு 8:20

அக்கா, நான் மலையகம். தமிழ் (இந்தியா)ல வச்சு எங்க வீட்டுப் பேச்சையே பேசினாலும் பெரும்பாலும் சரியா எழுதுது. கொழும்புக்கு வந்த புதுசுல என் பேச்சைக் கேட்டுச் சிரிச்சவங்க இருக்காங்க, அதனால இதைக் கவனிச்சேன். ஆனா "கவ்வாத்து", "பெரட்டுக்களம்", "கொழுந்து நிறுவை"ன்னு தோட்டத்துச் சொல் வந்தா என்னுதையும் குழப்பிருது. மாஸ்டர் பேசுறதுல ஒரு குறையும் இல்லைன்னு சொல்லுங்க. அவர் பேசுற தமிழை அது இன்னும் கேட்டுப் பழகல.

தரவுத்தேனீ (மொறட்டுவை) — வியாழன், இரவு 11:40

கம்பஸில கணினித்துறை படிக்கிறன், பேச்சைப் புரியவைக்கிறதுதான் என்ர செயற்திட்டம். ஏன் இப்பிடி நடக்குது எண்டு சொல்லுறன், மாஸ்டருக்கும் விளங்கும்.

இந்தக் கருவிகள் ஒலியை மட்டும் வைச்சு எழுதுறதில்லை. ஒலியும் பார்த்து, இந்த இடத்தில எந்தச் சொல் வரக்கூடும் எண்டும் ஊகிச்சுத்தான் எழுதும். படிச்ச ஒலிப்பதிவில "பேருந்து" ஆயிரம் தரம் வந்திருக்கும், "பேந்து" ஒருக்காலும் வந்திருக்காது. ஒலி கிட்டத்தட்ட ஒண்டு. அப்ப தெரிஞ்ச சொல்லுப் பக்கம் சாயும். எழுத்துப்பிழை விடாது, சரியான எழுத்தில பிழையான சொல்லைப் போடும். அதாலதான் எழுத்துத் திருத்தியாலயும் பிடிக்க ஏலாது. கண்ணுக்கும் கெதியில படாது.

2022 செப்டெம்பரில ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கிற விஸ்பர் எண்ட மொடல் 680,000 மணித்தியால ஒலியில பயின்றது. அதில பெரும் பங்கு ஆங்கிலம். மிச்சத்தைத்தான் தமிழும் வேற தொண்ணூற்றுச் சொச்சம் மொழிகளும் பங்குபோடுது. அந்தத் தமிழுக்குள்ள புங்குடுதீவுத் தமிழ் எவ்வளவு இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இதுக்கு எங்களாலயும் ஒண்டு செய்யலாம். மொசில்லாவின் கொமன் வொய்ஸ் எண்ட திட்டத்தில தமிழும் இருக்கு. வசனத்தை வாசிச்சுக் குரல் குடுக்கலாம், மற்ற ஆக்கள் குடுத்ததைக் கேட்டுச் சரிபார்க்கலாம். எந்தப் பேச்சுவழக்கு எண்டும் குறிக்கலாம். ஆரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய மாதிரித் திறந்து வைச்சிருக்கிறார்கள். பத்து நிமிசம் இருந்தாக் காணும். அக்கா, மாஸ்டர் மாதிரி ஒருவரின்ர குரல் அங்க இருந்தா என்னை மாதிரிப் பொடியளுக்குப் பெரிய சொத்து.

செவிவழி — வெள்ளி, காலை 6:05

மாஸ்டர் தன் தமிழை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு யோசனை. அவர் முப்பது ஆண்டு சொல்வதெழுதல் கொடுத்தவர். மாணவருக்குக் கொடுக்கும்போது வீட்டில் கதைப்பதுபோலவா சொல்லியிருப்பார்? வசனத்தைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறையும் முழுமையாக, நிதானமாக, எழுத்துத் தமிழில் சொல்லியிருப்பார். இந்தக் கருவிக்கும் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். தனிச் சொல்லை இது தடுமாறிக் கேட்கும், நாலைந்து சொல் சேர்ந்து வந்தால் நன்றாகக் கேட்கும்.

ஊர்ச்சொற்களுக்கு, அந்த இடத்தில் ஓர் அடையாளச் சொல் வைக்கலாம். 'துலா'வுக்கு 'எண் ஒன்று', 'பினாட்டு'க்கு 'எண் இரண்டு' என்று சொல்லிவிட்டு, முடிந்தபின் தேடி மாற்று என்ற வசதியால் ஒரே தடவையில் மாற்றிவிடலாம். நான் சட்ட ஆவணங்களில் வரும் சிங்களப் பெயர்களுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

ஒழுங்கை மூலை — சனி, பின்னேரம் 4:30

செவிவழி அண்ணா, "சொல்வதெழுதல்" எண்ட சொல்லைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து இருந்தார். கதிரையைச் சுவரோட இழுத்துப் போட்டு, கையைப் பின்னால கட்டிக்கொண்டு, வகுப்பில நிக்கிற மாதிரி நிண்டு சொன்னார். ஒவ்வொரு கூறையும் இரண்டு தரம் சொல்லுற பழக்கம் முதல்ல வந்தது, எல்லாம் இரட்டை இரட்டையா விழுந்திது. பிறகு ஒரு தரம் மட்டும். முதல் நாள் ஒண்டரைப் பக்கம். இரண்டு மாசத்துக்குப் பிறகு.

"காற்புள்ளி", "முற்றுப்புள்ளி" எண்டு சொன்னா அந்தச் சொல்லையே எழுதுது. அதுக்கு வழி இருக்கோ?

தரவுத்தேனீ — சனி, பின்னேரம் 5:10

டொக்ஸில குறியீட்டுக் கட்டளையள் சில மொழியளுக்கு மட்டும்தான், தமிழுக்கு இல்லை அக்கா. திருத்தக் கட்டளையள் ஆங்கிலத்துக்கு மட்டும். செவிவழி அண்ணா சொன்ன அதே தேடி மாற்று முறையால எல்லா "முற்றுப்புள்ளி"யையும் ஒரே அமத்தலில புள்ளியாக்கலாம். அப்பா சொல்லட்டும், நிப்பாட்ட வேண்டாம். நான் இதைத்தான் பரிந்துரைப்பன், ஏனெண்டா நிறுத்தக்குறி இல்லாத மூன்று பக்கத்தை அடுத்த நாள் பிரிச்செடுக்கிறது எழுதினவருக்கே கஷ்டம்.

ஒழுங்கை மூலை — ஞாயிறு, இரவு 9:00

இன்னொரு கேள்வி, இது அப்பா கேக்கச் சொன்னது. அடுத்த அத்தியாயம் 1983 ஆடிக் கலவரம். எங்கட வீட்டில, பக்கத்து வீட்டில நடந்தது. பெயர்கள் வரும், இண்டைக்கும் உயிரோட இருக்கிற ஆக்களின்ர பெயர். அவர் சொல்லுறது இந்தக் கொம்பியூட்டருக்குள்ளேயே நிக்குமோ, வெளியில போகுமோ?

ரிப்பேர் நாநா — ஞாயிறு, இரவு 9:20

நேராச் சொல்றேன் அக்கா. விண்டோஸோட எச் அமத்தி எழுதுறதும், கூகிள் டொக்ஸும் குரலை வெளிய அனுப்பித்தான் எழுத்தாக்குது. வொய்ஸ் அக்சஸ் மட்டும் மெஷினுக்குள்ளயே கேக்கும், ஆனா அதுக்குத் தமிழ் இல்ல. நம்ம நாட்டுலயும் 2022ல 9ஆம் இலக்கச் சட்டம்னு தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு வந்திருக்கு. ஆனா சட்டம் ஈக்கின்னு நம்பி அந்த மாதிரி விஷயத்தை நான் அனுப்ப மாட்டேன். மத்தவங்கட பேர் அது. மாஸ்டர் கேட்டது நல்ல கேள்வி.

தரவுத்தேனீ — ஞாயிறு, இரவு 10:45

இதுக்குத்தான் விஸ்பர். மொடலை ஒருக்கா இறக்கினா இன்டர்நெட் கேபிளைக் கழட்டிப்போட்டே ஓட்டலாம். சாதாரண லப்டொப்பில ஓடக்கூடிய மாதிரி எழுதின விஸ்பர்-சிபிபி எண்ட பதிப்பு இருக்கு, இலவசம்.

தெரிஞ்சுகொள்ள வேண்டிய சிலது. இது கதைக்கக் கதைக்க எழுதுறதுக்கு உகந்ததில்லை. பதிஞ்சு வைச்சிட்டுப் பிறகு எழுத்தாக்குங்கோ. மொடலில சின்னது, பெரிசு இருக்கு. ஸ்மோல் எண்டது 24.4 கோடி அளபுருக்கள் (மொடல் படிச்சதைச் சேர்த்து வைச்சிருக்கிற எண்கள்), மீடியம் 76.9 கோடி, லார்ஜ் 155 கோடி. ஆங்கிலத்துக்குச் சின்னது காணும், தமிழுக்குக் காணாது. உங்கட 8 ஜிபியில மீடியம் ஓடும், ஆனா மெதுவா. இரவு போட்டிட்டுப் படுங்கோ, காலமை இருக்கும்.

ஒலியை 30 செக்கன் துண்டா எடுத்து யோசிக்கிற மொடல் இது. நீளமான மௌனம் வந்தா, சொல்லாத வசனத்தைத் தானா எழுதிவிடும் பழக்கம் இதுக்கு உண்டு. அந்த அத்தியாயத்தில மாஸ்டர் நடுவில நிப்பாட்டத்தான் செய்வார். அவர் நிப்பாட்டினா பதிவையும் நிப்பாட்டுங்கோ. அவர் சொல்லாதது ஒண்டும் அதுக்குள்ள வரக்கூடாது. கேட்டுக் கேட்டு ஒப்பிட்டே ஆகவேணும்.

ஊர்ச்சொல்லுக்கும் இதில ஒரு வழி இருக்கு. தொடங்க முதல் ஒரு குறிப்பு வசனம் குடுக்கலாம். அதில துலா, பினாட்டு, ஒடியல், கதியால் எண்டு எழுதிவிட்டா அந்தப் பக்கம் சாய்ஞ்சு கேக்கும். 224 டோக்கன் (மொடல் எழுத்தை உடைச்சு எண்ணுற துண்டு) வரைக்கும்தான் இடம். தமிழுக்கு ஒரு எழுத்துக்கே ஒண்டுக்கு மேல செலவாகும் எண்டதால, அந்த அத்தியாயத்தில வாற முக்கியமான சொல்லை மட்டும் போடுங்கோ.

ஒழுங்கை மூலை — அடுத்த புதன், இரவு 8:15

செய்தம். மற்ற அத்தியாயங்களுக்கு ஓன்லைன், ஆடி அத்தியாயத்துக்கு வீட்டுக்குள்ள. பதியேக்க நான் அறையில இருக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டார். கதவுக்கு வெளியில இருந்தன். நாற்பது நிமிசத்துக்குப் பதினொரு பதிவு.

குறிப்பு வசனத்தில "பினாட்டு" போட்டதுக்குப் பிறகு, வேற அத்தியாயத்தை அதில ஓட்டிப் பாத்தம். "பினாட்டு" எண்டே எழுதினது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினன்.

ஏவுற வேலையில ஒரு சிக்கல். வொய்ஸ் அக்சஸும் தமிழ் எழுதுறதும் ஒரே நேரத்தில காது குடுத்துக்கொண்டிருக்கினம். அப்பா தமிழில சொல்லுறதை மற்றது ஆங்கிலக் கட்டளை எண்டு எடுத்து எங்கேயோ கிளிக் பண்ணுது. "வொய்ஸ் அக்சஸ் ஸ்லீப்" எண்டு சொன்னாப் படுக்குது, ஆனா எழுப்பச் சொல்லுற வசனம் தமிழ்ப் பக்கத்துக்குள்ளேயும் விழுகுது.

ரிப்பேர் நாநா — புதன், இரவு 8:50

ரெண்டு காதையும் ஒண்ணாத் திறக்க வேணாம் அக்கா. யூஎஸ்பி கால்மிதி ஒண்ணு ஈக்கி, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுற ஆக்கள் பாவிக்கிறது. ஓன்லைன்ல எடுக்கலாம். மிதிக்கு எந்த பட்டன் வேலை வேணும்னு நாமளே வைக்கலாம், அப்படிப்பட்டதாப் பார்த்து வாங்குங்க. ஒரு மிதிக்கு விண்டோஸும் எச்சும். மிதிச்சா எழுதத் தொடங்கும், மறுபடி மிதிச்சா நிப்பாட்டும். ரெண்டாவது மிதி இருந்தா ஆல்ட், ஷிப்ட், பி வைங்க, அது வொய்ஸ் அக்சஸ்ட மைக்கைத் திறந்து மூடும். தையல் மெஷின் மிதிக்கிற மாதிரித்தான், விரல் தேவையில்ல.

இன்னொண்ணு, வொய்ஸ் அக்சஸ்ல சொந்தமாக் குரல் குறுக்குவழி செய்யலாம். "மை புக்"னு மாஸ்டர் சொன்னா அந்தக் கோப்பு திறக்கிற மாதிரி ஒருக்கா வச்சுக் குடுங்க. தெனமும் போல்டரைத் தேட வேணாம்.

வெள்ளவத்தைப் பக்கம் சனிக்கெழம வாற வேலை ஈக்கி. கால்மிதி வந்ததும் சொல்லுங்க, நானே பூட்டித் தாறேன். காசு வேணாம், மாஸ்டர்ட்ட ஒரு பாடம் கேட்டுட்டுப் போறேன்.

செவிவழி — ஞாயிறு, காலை 7:30

தங்கச்சி அனுப்பிய, மாஸ்டர் குரலால் எழுதியதில் முதல் மூன்று அத்தியாயமும் வந்தன. யூனிகோடில். வெள்ளி இரவு தொடங்கி நேற்று மாலைவரை கேட்டேன். கிணற்றடி அத்தியாயத்தை இரண்டு தடவை கேட்டேன். துலாவில் ஏறி நடப்பவரின் கால் சத்தத்தை மாஸ்டர் எழுதியிருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன்.

பிழைகள் குறித்து வைத்திருக்கிறேன், கண்ணுக்குத் தப்பியவை காதுக்குத் தப்பவில்லை. இரண்டாம் அத்தியாயம், பதினான்காம் பந்தி: "தண்ணி இறைத்துவிட்டுப் பேருந்து வந்து சாப்பிட்டோம்." இது பேந்தா? ஐந்தாம் பந்தியில் "ஒழுங்காக வழியே நடந்தோம்", அது ஒழுங்கை என்று நினைக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் "கடலில் கதையாகப் போனார்கள்" என்று மூன்று இடத்தில் வருகிறது.

ஒழுங்கை மூலை — ஞாயிறு, காலை 8:10

பேந்துதான் அண்ணா. ஒழுங்கையும் சரி. "கதையாக" எண்ட மூன்றும் "கெதியாக".

அப்பா பக்கத்தில இருக்கிறார். நாலாம் அத்தியாயம் பின்னேரம் அனுப்புறாராம். கேட்டிட்டுச் சொல்லட்டாம்.